எதிர்காற்று

அமெரிக்காவின் எடிசன் நகரில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிர் வரிசையில் குடியிருந்தார் அவர். ஒடிசலான உடம்பு. ஜனவரிக் குளிரிலும் காதை மூடிய குரங்குக் குல்லாவோடு காலையில் ஓடப் போவார். கிளம்புமுன் தெருமுனையிலிருந்த தீயணைப்பு நிலையத்துக் கொடியைச் சற்று நேரம் பார்ப்பார். காற்று எங்கிருந்து வருகிறதோ, அந்தப் பக்கமாகவே ஓடுவார்.

“ஏன் சார், எதிர்காத்துல போறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போகும்போதே கஷ்டப்பட்டுடணும் சார். வேர்த்து நனைஞ்சப்புறம் மூஞ்சில காத்தடிச்சா வெறைச்சுடும். வரும்போது காத்து முதுகுல இருந்தா, அதுவே தள்ளிட்டு வந்து வீட்ல விட்டுடும்.”

வீட்டில் அவர் மனைவி துணி உலர்த்தும் டிரையரில் சூடாக்கிய பனியனோடு காத்திருப்பார். இவர் படியேறும் சத்தம் கேட்டதுமே கதவு திறக்கும்.

அடுத்த குளிர்காலத்தில் அந்த அம்மா தவறிவிட்டார். சில வாரங்கள் கழித்து அவர் மறுபடி ஓட வந்தார். வழக்கம்போலக் கொடியைப் பார்த்தார். பிறகு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஏதோ ஞாபகத்தில் போகிறார் என்று நினைத்து, “சார், காத்து இந்தப் பக்கம்” என்றேன்.

“தெரியும் சார். சீக்கிரம் வந்து என்ன பண்ணப் போறேன்?”

வெகுநேரம் கழித்து, எதிர்காற்றில் குனிந்தபடி நடந்தே திரும்பினார். குல்லாவின் ஓரமெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. படியேறி, மூடிய கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கையுறையைக் கழற்றிவிட்டு, விறைத்த விரல்களால் ஜாக்கெட் பையைத் துழாவினார்.

அவர் சாவி எடுத்து நான் பார்த்தது அன்றுதான்.