எட்டாம் நம்பர் டிராலி பஸ்ஸின் கடைசி ஜன்னல்

எங்கள் டிப்போ பதிவேட்டில், மார்ச் 7 வியாழக்கிழமைக்கு நேராக ஒரு வரி இருக்கிறது. "வண்டி நின்ற நேரம் 15:38. காரணம் தெரியவில்லை." எழுதியது நான்தான். கையெழுத்து கோணலாக இருக்கும்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் நடந்ததை இதுவரை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் பாதிரியார். அவர் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். இன்னொருவன் என் தம்பி. குடித்திருந்தாயா என்று கேட்டான். நான் குடிப்பதில்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரிக்கிற ஆள் நான். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

என் பெயர் ரூமென். ப்ளெவென் நகரில் இருபத்து மூன்று வருடமாக மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ்ஸை ஓட்டுகிறேன். மனைவி நெவேனா தையல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகள். அப்போது பெரியவன் யாவோருக்குப் பத்தொன்பது வயது. சின்னவள் காலினாவுக்குப் பதினாறு.

அக்டோபர் 11. மழை. தோழி வீட்டுக்குப் போயிருந்த காலினா கடைசி பஸ்ஸைத் தவறவிட்டாள். அண்ணனுக்கு போன் செய்து, வந்து கூட்டிக்கொண்டு போ என்றாள். அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மணி 19:20. அவளிடம் அவன் போய்ச் சேரவே இல்லை. பாலத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில்... அதற்கு மேல் எழுத முடியவில்லை.

யாவோர் இறந்த நாற்பதாம் நாள், எங்கள் வழக்கப்படி தேவாலயத்தில் வேகவைத்த கோதுமையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வீடு திரும்பினோம். நெவேனா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சமையலறையில் நின்றபடி மகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நடந்து வந்திருந்தா உன் காலு தேஞ்சா போயிருக்கும்?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அது என் குற்றம்.

அன்றிலிருந்து காலினாவின் பேச்சு நின்றுபோனது. முதலில் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு அறையை விட்டு வரவில்லை. திரைச்சீலையைத் திறக்க விடவில்லை. தலைமுடி சடைபிடித்துப் போயிற்று. கொண்டுபோய் வைத்த சூப் ஆடை கட்டி அப்படியே திரும்பி வந்தது. ஜனவரியில் மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்து வாரம். டாக்டர் சின்ன வயதுப் பெண். இது சோம்பலோ பிடிவாதமோ இல்லை, மனச்சோர்வு என்கிற நோய், காய்ச்சல் மாதிரி இதற்கும் மருந்தும் நாளும் வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள். இப்போதைக்கு இவளைத் தனியாக விடாதீர்கள்.

நானும் நெவேனாவும் வேலை நேரத்தை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டோம். மார்ச் முதல் தேதி, எங்கள் ஊரில் நலம் வேண்டிக் கட்டும் சிவப்பு வெள்ளை நூலை அவள் மணிக்கட்டில் கட்டப் போனேன். அவளாகவே கையை நீட்டினாள். அன்று நெவேனா குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

வீட்டில் இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது பஸ்ஸில் வேறொன்று தொடங்கியிருந்தது.

யாவோர் படிக்கிற காலத்தில் என் வண்டியில்தான் வீடு திரும்புவான். கடைசி இருக்கை, ஜன்னலோரம். இறங்கும்போது எல்லோரும் மணிப் பொத்தானை ஒரு முறைதான் அழுத்துவார்கள். அவன் மூன்று முறை. டிங், டிங், டிங். என்னைச் சீண்டுவதற்காக. ஒலிபெருக்கியில் திட்டுவேன். பின்னாலிருந்து சிரிப்பான்.

ஜனவரி பாதியில், எங்கள் குடியிருப்பு நிறுத்தத்துக்கு முன்னால் மணி மூன்று முறை அடித்தது. பின்கதவைத் திறந்தேன். யாரும் இறங்கவில்லை. யாரோ பையன்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். மறுநாளும் அடித்தது. அதற்கு அடுத்த நாள் பின்னால் ஆளே இல்லை. அப்போதும் அடித்தது.

டிப்போ எலக்ட்ரீசியன் ஆசென் அண்ணன் வந்து பார்த்தார். ஈரம் இறங்கியிருக்கும் என்று பொத்தானை மாற்றினார். ஒயரையும் மாற்றினார். மணி நிற்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. பிப்ரவரி கடைசியில் ஒரு முடிவு எடுத்தேன். பின்னால் ஆள் இல்லாமல் மணி அடித்தால் கதவைத் திறப்பதில்லை.

மார்ச் 7. மேகமூட்டம். இருட்டு மாதிரி ஒரு பகல்.

14:50க்கு நெவேனாவைத் தொழிற்சாலைக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம்தான். கீழ்வீட்டு அம்மாளை காலினாவோடு உட்கார வைத்துவிட்டுப் போனாள். அந்த அம்மாளோ அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று தன் வீட்டுக்குப் போனார். இது எதுவும் எனக்குத் தெரியாது.

15:10க்கு ரயில் நிலையத்திலிருந்து கிளம்பினேன். வண்டியில் ஏழு பேர்.

முதல் நிறுத்தத்துக்கு முன்பே மணி அடித்தது. டிங், டிங், டிங். யாரும் இறங்கவில்லை.

இரண்டாவது நிறுத்தம். அதே மூன்று.

இதுவரை எங்கள் நிறுத்தத்துக்கு மட்டும்தான் அடிக்கும். அன்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அடித்தது. காய்கறிப் பையோடு இருந்த ஒரு பெண் எழுந்து வந்து, தலை வலிக்கிறது, அதை நிறுத்தித் தொலையுங்கள் என்றாள். எனக்கும்தான் வலித்தது. சந்தையில் நான்கு பேர் இறங்கினார்கள். பூங்காவில் மீதிப் பேரும் இறங்கினார்கள். மணி 15:29.

வண்டி காலி.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். எல்லா ஜன்னல்களும் தெளிவாக இருந்தன. கடைசி ஜன்னலில் மட்டும் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து யாரோ மூச்சு விட்டது போல, ஒரு முக அளவுக்கு.

அது சுருங்கியது... பெரிதானது... சுருங்கியது.

15:33. மணி இப்போது நிறுத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஓடும்போதே அடித்தது.

டிங், டிங், டிங்.

டிங், டிங், டிங்.

திரும்பிப் பார்க்கவில்லை. மிதியை அழுத்தினேன். இரண்டு நிறுத்தங்களில் ஆட்கள் கை காட்டினார்கள். நிற்கவில்லை.

15:38.

எங்கள் குடியிருப்புக்கு நேர் எதிரே வண்டி செத்தது. விளக்கு போயிற்று. மோட்டார் போயிற்று.

மணியும் நின்றது.

கூரைமேல் மின்கம்பியைத் தொட்டு ஓடும் நீளமான இரண்டு கம்பங்களை நாங்கள் கொம்பு என்போம். கொம்பு நழுவியிருக்கும், ஏற்றிவிடலாம் என்று கீழே இறங்கினேன். வண்டியின் பின்பக்கம் போகும்போது தலையைத் தூக்கினேன். நான்காவது மாடி. எங்கள் சமையலறை விளக்கு எரிந்தது.

அணைந்தது. எரிந்தது.

அணைந்தது. எரிந்தது.

ஓடினேன்.

கதவு பூட்டியிருக்கவில்லை.

காலினா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

உயிரோடு.

அவள் உட்கார்ந்திருந்த விதம்தான் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. உடம்பு முழுக்க இடது பக்கம் சாய்ந்திருந்தது, யாருடைய தோளிலோ தலை வைத்திருப்பது போல. அந்தப் பக்கம் சுவர் இல்லை. நாற்காலி இல்லை. ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு நாள் அதே இடத்தில் நான் அப்படி உட்கார்ந்து பார்த்தேன். விழுந்துவிட்டேன்.

"வந்துட்டியாப்பா," என்றாள். மாதக்கணக்கில் அவள் பேசிய முதல் முழு வார்த்தை. "ஒவ்வொரு ஸ்டாப்பா எண்ணிக்கிட்டே இருந்தோம்."

இருந்தோம் என்றாள். யாரோடு என்று நான் கேட்கவில்லை. அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டேன். அவளுடைய இடது தோள் மட்டும் பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது.

அந்தப் பகலில் அவள் என்ன முடிவு செய்திருந்தாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அதைக் கைவிட்டுவிட்டாள். அது போதும்.

நடுரோட்டில் நின்ற வண்டியை ஆசென் அண்ணன்தான் வந்து எடுத்துப் போனார். காலினாவை மறுபடி சேர்த்திருந்த மருத்துவமனைக்கே இரவு எட்டு மணிக்கு என்னைத் தேடி வந்தார். தனியாகக் கூப்பிட்டார்.

"கொம்பை எதுக்குடா கட்டிப் போட்டே?"

"எந்தக் கொம்பை?"

"நழுவல ரூமென். ரெண்டையும் கீழ இறக்கி, கொக்கியில மாட்டி, கயித்தைச் சுத்தி முடிச்சும் போட்டிருக்கு. நம்ம டிப்போ முடிச்சு. நீ போடலையா?"

அன்று நான் வண்டியின் பின்பக்கத்தைத் தொடவே இல்லை. போடவில்லை என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். யாவோருக்குப் பன்னிரண்டு வயதில் அந்த முடிச்சைக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

அதற்குப் பிறகு மணி அடித்தபோதெல்லாம், எங்கள் நிறுத்தத்தில் பின்கதவைத் திறந்து பத்து வரை எண்ணிவிட்டுத்தான் மூடினேன். நெவேனாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தன் பாரமே போதும் என்றிருந்தது. மருத்துவமனையில் அவள் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் சொன்னது என் மகன் போன வலியில் வந்த விஷம், அதை நீ சுமக்காதே என்று சொன்னாள். ஒரு முறை அல்ல. தினமும் போய்ச் சொன்னாள். பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, காலினா அம்மாவின் தலைமேல் கை வைத்தாள்.

தேறினாள். ஒரேயடியாக இல்லை. இரண்டு நாள் நன்றாக இருப்பாள், மூன்றாவது நாள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். ஏப்ரலில் சடையை வெட்டச் சொன்னாள். ஜூனில் தக்காளி நறுக்கினாள், ஏதோ சொல்லிச் சிரித்தாள். செப்டம்பரில் ஒரு வருடம் பின்தங்கிப் பள்ளிக்குப் போனாள்.

அக்டோபர் 11 வந்தது. முதல் வருடம். எங்கள் ஊரில் இறந்தவர் படம் போட்ட அஞ்சலி நோட்டீஸை வருடா வருடம் வீட்டு வாசலிலும் கம்பங்களிலும் ஒட்டுவோம். அன்று காலை 7:40க்கு நானும் காலினாவும் கீழே இறங்கினோம். குடியிருப்பின் நுழைவுக் கதவில் பசை தடவினேன். படத்தில் யாவோர் சிரித்துக்கொண்டிருந்தான். "நீ எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு."

காலினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க ஒட்டாதப்பா."

"ஏம்மா?"

"அவன் படிச்சிடுவான்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் முகம் தெளிவாகத்தான் இருந்தது. நோயின் சாயல் இல்லை.

"அவனுக்கு இன்னும் தெரியாதுப்பா," என்றாள்.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். மார்ச் 7 அன்று அவன் சமையலறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கோபமாக இருந்தான். வீட்டில் ஒருவரும் என்னோடு பேசுவதில்லை, அம்மா எனக்குத் தட்டு வைப்பதில்லை, அப்பா மணி அடித்தாலும் கதவு திறப்பதில்லை, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டான். நீயும் என்மேல் கோபமா என்று கேட்டான்.

"அவன் இப்ப உயிரோட இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. யாருக்கும் கோபமில்லடா, அப்பா வந்துக்கிட்டே இருக்காருன்னேன். அப்படியே தோள்ல சாஞ்சுக்கிட்டேன். நானும் போயிட்டா அவன் யார்கிட்டப்பா கேப்பான்?"

நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தேன். கதவிலிருந்த பசையைக் கைக்குட்டையால் துடைத்தோம்.

அப்போதுதான் நினைவு வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஆசென் அண்ணனிடம் ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தேன். டிப்போ வாசலில் ஒட்டுவதற்கு.

ஓடினேன். 8:15க்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நோட்டீஸ் இல்லை. நேற்று ஆறு மணிக்கே ஒட்டிவிட்டேனே என்று அவர் இடத்தைக் காட்டினார். நாலு மூலையிலும் பசைத் தடம் காய்ந்திருந்தது. கிழிந்த துண்டு ஒன்றுகூட இல்லை.

என் வண்டியைத் திறந்தேன். இரவு முழுக்கப் பூட்டியிருந்த வண்டி. கடைசி இருக்கையில், ஜன்னலோரம், அது இருந்தது. நாலாக மடித்து. மடிப்பு ஓரங்கள் நைந்து போயிருந்தன... பல முறை பிரித்துப் பிரித்துப் படித்தது போல.

அதற்குப் பிறகு மணி அடிக்கவே இல்லை. நாலு வருடம் ஆகிறது.

காலினாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவள் இப்போது வார்னா நகரில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள், ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். நெவேனாவிடமும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மட்டும் ஒன்று ஆறவே இல்லை. வீட்டில் யாராவது ஒருவர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கலாம். என் பிள்ளை அதை ஒரு காகிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டான். இருட்டில், தனியாக.