குண்டூசி வாயும் குளத்து வேரும்

வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டுதான் தையற்காரி அக்தஸ் கானும் கதவையே திறப்பாள். கானும் என்றால் அந்த ஊரில் 'அம்மா' என்கிற மரியாதை. தைக்கிற நேரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. காஷான் ஊரில் தையல்கூலி என்னவென்று யாராவது கேட்டால், "உங்களுக்கு முன்னால இதெல்லாம் ஒரு பொருட்டா? சும்மா கொண்டுபோங்க" என்று முதலில் சொல்லியாக வேண்டும். வந்தவர் மறுக்க, இவள் மறுபடி வற்புறுத்த, பாதிப் பொழுது அதிலேயே போய்விடும். வாயில் ஊசி இருந்தால் உபசாரம் பேச முடியாது பாருங்கள். கூலியை விரலால் காட்டுவாள்; பணத்தை வைத்துவிட்டுப் போவார்கள். கெட்டிக்காரி!

கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. தர்பூசணி வாங்கினாலும் இடுப்பளவு எடுத்துப் பார்த்துத்தான் பையில் போடுவாள். முற்றத்தில் ஓடு பதித்த சின்னக் குளத்தையும் அந்த நாடாவால்தான் அளந்துவந்தாள். காலையில் நிரப்பினால் மாலைக்குள் ஒரு சாண் இறங்கியிருக்கும். "என் தண்ணியை எவளோ திருடுறா" என்பாள் வேடிக்கையாக. ஊரில் முறைவைத்துத் தண்ணீர் விடத் தொடங்கியதும் வேடிக்கை நின்றுபோனது. குளத்தை மூடிப் பாத்தியாக்கிவிடுவது என்று முடிவு கட்டினாள். புத்தாண்டுச் சடங்குக்கு வாங்கி, அது முடிந்ததும் தெருவார் கொண்டுவந்து விட்ட தங்கமீன்கள் எல்லாம் மசூதித் தொட்டிக்குப் போயின.

குளத்தின் நடுவில் வைப்பதற்கென்று ஒரு சீமைமாதுளைக் கன்று எண்ணெய்த் தகரத்தில் காத்திருந்தது. அந்தப் பழம் ஒன்று துணிப்பெட்டியில் கிடந்தால் போதும், குளிர்காலம் முழுக்க மணக்கும். வாடகை வீடுகளிலேயே பாதி வயதைத் தொலைத்து இந்த வீட்டை வாங்கியவளுக்கு, என் மரம் என்று சொல்லிக்கொள்ள இதுவரை ஒன்றும் இருந்ததில்லை. தினமும் அதன் உயரத்தை அளந்து, தையல் மெஷினிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஜனாப் நஜீபியின் முசுக்கட்டை மரம். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர், பரம சாது. மரம்தான் பொல்லாதது. பழம் உதிர்ந்தால் இவள் கொடியில் தொங்கும் கல்யாணத் துணி பார்த்துத்தான் கறைபட உதிரும். "உங்க மரத்துக்கு என்மேல அப்படி என்ன வஞ்சம்?" என்று வருடா வருடம் மதிலேறிச் சண்டை நடக்கும்.

வெறுமனே மண்ணைக் கொட்டினால் தண்ணீர் வடியாமல் கன்று அழுகிவிடும், தளத்தை உடைத்தே ஆக வேண்டும் என்று கொத்தனார் யதுல்லா குளத்துக்குள் இறங்கினார். நீல ஓடு, அதன் கீழ் சுண்ணாம்புக் காரை. கடப்பாரையால் நெம்பிப் பாளம் பாளமாகப் பெயர்த்தவர், "யா அலீ!" என்று அப்படியே நின்றுவிட்டார்.

கீழே மண்ணே தெரியவில்லை. அத்தனையும் வேர்! மதிலடியில் தொடைப் பருமனில் நுழைந்து, கையாகி, விரலாகி, நூலாகி, செம்மஞ்சள் நிறத்தில் குளம் முழுக்கப் பரந்து கிடந்தது. தளத்தில் எங்கெல்லாம் விரிசலோ, அங்கெல்லாம் ஒரு கொத்து வேர் அண்ணாந்து வாய்வைத்திருந்தது. கம்பளம் நெய்கிற ஊர்தான் இது; இவ்வளவு நெருக்கமாக எவள் முடிச்சுப் போட்டாள்? அம்மாடி, உடம்பெல்லாம் புல்லரித்தது அக்தஸ் கானுமுக்கு. செருப்பை விளிம்பில் விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள். யதுல்லாவின் பூட்ஸைப் பார்த்து விரலை நீட்டினாள். அவரும் மறுபேச்சில்லாமல் கழற்றினார்.

ஜனாப் நஜீபியை அழைத்துவந்தார்கள். "இவ்வளவு தூரமா வந்திருக்கு!" என்று அவர் குரலே எழும்பாமல் சொன்னார்.

"நடுவுல குழி வெட்டணும்னா பெரிய வேர் போகணும்" என்றார் யதுல்லா. "பெரிய வேர் போச்சுன்னா மரமும் போச்சு."

நஜீபியின் முகம் வெளிறியது. ஆனால் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. "வெட்டுங்க கானும். உங்க வீடு, உங்க மண்ணு" என்றார்.

'ஐயோ, அதெப்படி' என்று அவள் உடனே தடுத்திருக்க வேண்டும். வாயில் ஊசி. கண்ணோ வேரைவிட்டு எழவில்லை.

பதில் வராததால் அவரால் அதோடு விடவும் முடியவில்லை. "உங்க மனசுக்கு முன்னால மரம் என்ன மரம்?" என்றார். அவள் குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்தாள். "என் காணிக்கைன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லி, மதிலுக்கு மேல் தெரிந்த கிளைகளைப் பார்த்தார். ஒருமுறை சொன்னால் மரியாதை, இருமுறை சொன்னாலும் மரியாதை, மூன்றாம் முறை சொல்லிவிட்டால் அது நிஜம். இந்த ஊர்க் கணக்கு அது. யதுல்லா மண்வெட்டியை ஓங்கிவிட்டார்.

ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுப் பாய்ந்தாள் அக்தஸ் கானும். "நிறுத்துய்யா! மனுஷன் உபசாரத்துக்குச் சொன்னா வெட்டிடுவியா?"

"மூணு தரம் சொன்னாரே கானும்!"

"முப்பது தரம் சொல்லுவார். அவர் மூஞ்சியைப் பாருய்யா!"

ஊசிகளைச் சட்டைக் கையில் குத்திவிட்டு, கழுத்து நாடாவை உருவி, மதிலடியிலிருந்து பெரிய வேரின்மேல் வைத்துக்கொண்டே போனாள். நாடா தீர்ந்துபோனது; வேர் தீரவில்லை. "இத்தனை வருஷமா என் தண்ணியைக் குடிச்ச திருடி நீதானாடி!" என்று அதைத் தட்டிக்கொடுத்தாள். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "யதுல்லா, ஒரு சாண் மண்ணு போதும். மேல புதினா, வெந்தயக்கீரை போட்டுக்கறேன். அதுக்கு ஊத்துறதை இவ கீழ இருந்து குடிச்சுக்கட்டும்."

பிறகு அந்த எண்ணெய்த் தகரத்தை ஒருமுறை பார்த்தாள். கன்றின் உயரத்தைக் கடைசியாக அளந்துவிட்டு, தகரத்தோடு தூக்கி நஜீபியின் கையில் வைத்தாள். "உங்க முற்றத்துல வைங்க ஜனாப். உங்க மரம் என் வீட்டுல இருக்கு, என் மரம் உங்க வீட்டுல இருக்கட்டும்."

"ஐயையோ, அதெப்படி கானும், நான் போய்..." என்று அவர் ஆரம்பித்தார்.

அக்தஸ் கானும் சட்டைக் கையிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி உதட்டிடையில் கவ்விக்கொண்டாள்.