ரெக்சின் அட்டை போட்ட ராணி

எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், என் மகள் படித்துவிடுவாள். அவள் வேலை பார்ப்பது மருந்துக் கடையில். மாத்திரை டப்பாவுக்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள். கடை முதலாளி கிண்டல் செய்வார்.

"ஏம்மா, கடைசியில யாரு கொலைகாரன்?"

"தலைசுத்தல்தான் சார். எல்லாக் கதையிலயும் அவன்தான் வர்றான்."

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அந்த வருஷம் எனக்குக் கை ஒடிந்துவிட்டது. வண்டி சீட்டு தைத்துப் பிழைக்கிறவனுக்குக் கை போனால் அடுப்பும் போச்சு. அவள் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போனாள். கல்யாணம் ஆன பிறகுதான் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். மாப்பிள்ளை சரக்கு லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். "சும்மா உக்காந்து என் வண்டி எங்க நிக்குதுன்னு யோசிக்கறதுக்குப் படிக்கலாமே" என்று அவர்தான் கிளப்பிவிட்டார். ஒவ்வொரு படியாக ஏறி, மேல்வகுப்பு இலக்கியம் வரைக்கும் வந்துவிட்டாள். அந்த வகுப்புக்கு இரண்டு தடித்த நாவல்கள், ஒரு பழைய துன்பியல் நாடகம்.

"பேர்லயே துன்பம் இருக்கு. இதைக் காசு குடுத்தா வாங்கணும்?" என்று கேட்டேன்.

"வீட்ல கிடைக்கறதெல்லாம் சில்லறைத் துன்பம்ப்பா. இது மொத்த வியாபாரம்."

வகுப்பு பாதி நடக்கும்போது என் பேத்தி பிறந்தாள். அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் பத்தாது. கட்டை விரல் அளவுக்கு ஒரு மூக்கு. தூக்கத்தில் யாரையோ கண்டிக்கிற மாதிரி ஒரு முகச்சுளிப்பு. வீட்டில் எல்லோரும் அவளுக்கு வேலை செய்வதால் 'முதலாளியம்மா' என்று பேர் வைத்தேன். அதுவே நிலைத்துவிட்டது.

முதலாளியம்மா வந்ததில் மகளுக்குப் பாதி வகுப்பு போய்விட்டது. கல்லூரியில் ஒரு விதி. நிறைய வகுப்பு தவறியவர்கள் இரண்டு ஆசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து வாய்மொழித் தேர்வு கொடுக்க வேண்டும். தேறாவிட்டால் அடுத்த வருஷம் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

"அதனால என்னம்மா, அடுத்த வருஷம் படிச்சுக்கயேன்" என்றாள் என் வீட்டுக்காரி.

"அடுத்த வருஷம் இவ நடப்பா. நான் பின்னாடியே ஓடுவேன். இப்ப விட்டா விட்டதுதான்மா, எனக்குத் தெரியும்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஒடிந்த கை பழைய இடத்தில் வலித்தது.

படிக்க ஆசை இருந்தது, கை இல்லை. ஒரு கையில் பிள்ளை. நாடகப் புத்தகமோ பக்கத்துக்குப் பக்கம் விளக்கவுரையோடு செங்கல் மாதிரி இருந்தது. பால் கொடுத்துக்கொண்டே ஒற்றைக் கையால் பிடித்தவள், கை சோர்ந்து கீழே போட்டுவிட்டாள். முதலாளியம்மாவின் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. மகளிடம் கேட்டுக்கொண்டு புத்தகத்தைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

அந்த நாடகத்தில் அங்கம், காட்சி என்று எந்தப் பிரிவும் கிடையாது. ஒரே மூச்சாகப் போகும். பத்தி முடிந்து கொஞ்சம் இடம் விட்டிருந்த பக்கங்களாகப் பார்த்து, ரெக்சின் வெட்டும் கத்தியால் ஐந்து துண்டாக அறுத்தேன். ஒவ்வொன்றையும் சீட்டு நூலால் தைத்து, மீந்துபோன ரெக்சினில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று அட்டை போட்டேன். எந்த சீட்டையும் பிசிறு வெட்டாமல் நான் பட்டறையை விட்டு வெளியே அனுப்பியதில்லை. கைப்பழக்கம். இதற்கும் மேலேயும் கீழேயும் சீராக வெட்டிவிட்டேன்.

வீட்டில் பசை காய அடுக்கி வைத்ததைப் பார்த்து, "புத்தகத்துக்கு எதுக்குங்க கால் நகம் வெட்டியிருக்கீங்க?" என்று வீட்டுக்காரி சிரித்தாள். பிறகு தரை துடைப்பதற்காக எல்லாவற்றையும் எடுத்து, அழகாக வேறு மாதிரி அடுக்கினாள்.

மகளுக்கு ஒரே சந்தோஷம். மடியில் பிள்ளை, கையில் மெல்லிசாகச் சிவப்புப் புத்தகம். அது முடிந்ததும் கறுப்பு. அதற்கப்புறம் பச்சையை எடுத்தவள் கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"அப்பா, இந்த ராணிக்கு ஏதாவது மறதி நோயா?"

"ஏம்மா?"

"கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்டது யாருன்னு கறுப்புலயே கண்டுபிடிச்சுட்டாங்க. அவங்க சொந்தப் பையன். வெளிய தாகத்துல கதறினவங்களைப் பார்த்து இரக்கப்பட்டுத் திறந்துட்டான். பச்சையில மறுபடி, 'அவன் எவனா இருந்தாலும் சுவர் மேலேருந்து தள்ளுவேன்'னு சத்தியம் பண்றாங்க. கறுப்பு முடியறப்ப கதையே முடிஞ்ச மாதிரியும், நடுவுல ஏதோ விட்ட மாதிரியும் இருந்துச்சு, தூக்கக் கலக்கத்துல நான்தான் பக்கத்தைத் தாவிட்டேன்னு நினைச்சேன்."

பக்க எண்ணைப் பார்க்கலாம் என்று கீழே பார்த்தோம். எண் இல்லை. அது பட்டறைத் தரையில் பிசிறாகக் கிடந்து குப்பைக்குப் போயிருந்தது. கறுப்பு என்பது ஐந்தாவது துண்டு, கதையின் முடிவு; அடுக்கில் அது இரண்டாவதாக ஏறியிருந்தது.

"சீட்டு தைக்கறவர்கிட்ட சாத்திரத்தைக் குடுத்தா இப்படித்தான்" என்றாள் வீட்டுக்காரி.

"அடுக்கி வச்சது யாரு, நானா?"

"எண்ணை வெட்டினது யாரு, நானா?"

மகள் எங்கள் சண்டைக்கு வரவில்லை. பச்சையைக் கையில் வைத்துக்கொண்டு, குடித்துக்கொண்டிருந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசை ஆசையாகப் படிக்க வந்தவளுக்கு முடிவைப் போட்டு உடைத்துவிட்டேனே என்று, கறுப்பை எடுத்து அடுக்கின் அடியில் செருகினேன்.

தேர்வு அன்று எல்லோரும் கிளம்பிப் போனோம். வீட்டுக்காரி துணி மூட்டையோடு கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் முதலாளியம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். புழுக்கத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே கண்ணாடி போட்ட டீச்சர் ஒருத்தர், வழுக்கை சார் ஒருத்தர்.

"சத்தியம் பண்ற இடத்துல ராணி மேல உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று சார் கேட்டார்.

"அவங்க பேசறது எல்லாமே நியாயம் சார். தெரியாம படிச்சிருந்தா நானும் சேர்ந்து கை தட்டியிருப்பேன். எனக்குத்தான் தெரியுமே. அதனால ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அவங்க பையன் தலையில விழற மாதிரி இருந்துச்சு. மடியில என் பொண்ணு. 'வேணாம்மா, சொல்லாதீங்க'ன்னு வாய்விட்டே சொல்லிட்டேன்."

"முடிவு எப்படி முன்னாடியே தெரியும்? கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீங்களா?"

"இல்ல சார். எங்கப்பா மாத்தித் தைச்சுட்டார்."

உள்ளே சிரிப்பு. நான் தூண் மறைவுக்குப் போனேன்.

டீச்சர் சொன்னார்: "அந்தக் காலத்துல இந்த மாதிரி நாடகம் பார்க்க வந்தவங்க நிறைய பேருக்குக் கதை முன்னாடியே தெரியும்மா."

"அதுக்காக எல்லாரும் புத்தகத்தை அறுக்க வேணாம்" என்றார் சார். "சரி, நாவல் படிச்சது இதுலேருந்து எப்படி வேற?"

"நாவல்ல அடுத்தது என்னன்னு தெரியாம, அந்த ஆளுங்க கூடவே நடந்தேன் சார். இதுல தெரிஞ்சுகிட்டு ஓரமா நின்னேன். கூப்பிட்டாலும் அவங்களுக்குக் கேக்காத தூரத்துல."

"ரெண்டாவது நாவலோட முடிவைப் பத்திச் சொல்லுங்க."

மகளின் குரல். "அதை முடிக்கல சார். நேரம் கிடைக்கல."

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வீறிட்டாள். என்ன ஆட்டியும் அடங்கவில்லை. "போய் பால் குடுங்கம்மா, நாங்க பேசிட்டிருக்கோம்" என்று டீச்சர் கதவைச் சாத்தினார்.

வராந்தா பெஞ்சில் மகள் சேலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாமேம்மா."

"முடிவு தெரியாத கதைக்கு எப்படிப்பா சமாளிக்கறது?"

மகள் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்; நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வழியாகக் கதவு திறந்து, வழுக்கை சார் தலையை நீட்டினார்.

"தேறிட்டீங்க. ஆனா அந்த நாவலை முடிச்சு, ரெண்டு பக்கம் எழுதிக் குடுக்கணும். மாசம் முடியறதுக்குள்ள."

மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் பைக்குள் கையை விட்டு, தலையணை மாதிரி இருந்த அந்த நாவலை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இதையும் பிரிச்சுக் குடுங்கப்பா. கால் நகம் மட்டும் வெட்டிடாதீங்க."

"சத்தியமா வெட்ட மாட்டேன்."

"சத்தியமெல்லாம் பண்ணாதீங்க, பயமா இருக்கு" என்று சிரித்தாள். "கடைசித் துண்டு மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேக்கும்போது குடுங்க. இந்தக் கதை ஆளுங்களோட நான் நடந்துதான் போகணும்."

அதற்கு மஞ்சள் அட்டை போட்டேன். பட்டறையில் கத்திப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. மாசம் முடிய இன்னும் நாள் இருக்கிறது; நேற்று வரை அவள் கேட்கவில்லை. நானும் பிரித்துப் பார்க்கவில்லை.