கஸ்தூரியின் செயினில் ஒரு விரல் ஆட்டம்

திருவண்ணாமலை மலையடியில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர்க் கஸ்தூரி ஒரு வார்த்தை விட்டால் விட்டதுதான். 1994 பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கணவர் பலராமன் சும்மா இருக்கமாட்டாமல் சீண்டினார்: "இந்த வருஷமும் சைக்கிள் போட்டியில கால ஊனத்தான் போறியா?"

"ஊனுனா எஞ் சைக்கிள நீங்களே வெச்சுக்கங்க. நான் நடந்தே வேலைக்குப் போறேன்."

சொன்ன பிறகுதான் தூரத்தைக் கணக்குப் போட்டாள். வேலை மலைக்கு மறுபக்கம், வேங்கிக்கால் பள்ளியில் சத்துணவுச் சமையல். நடந்து போனால் உலை வைக்கவே பதினொன்றாகிவிடும். அதுவும் முப்பது வயதில், ஊரே சிரிக்க விழுந்து எழுந்து கற்றுக்கொண்ட சைக்கிள்!

பொங்கலுக்குப் பொங்கல் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி நடக்கும். கடைசியாகக் கோட்டைத் தாண்டுகிறவருக்கே பரிசு. நடுவில் கால் தரையில் பட்டால் ஆட்டம் காலி. இரண்டு வருடமாகப் பாதி வழியில் வண்டி வெடுக்கென்று இழுத்து, கஸ்தூரியின் கால் தரைக்குப் போனது.

செயின் தொளதொளவென்று இருக்கிறதென்று சைக்கிள் கடைக்கார ராஜேந்திரன் முடுக்கிக் கொடுத்தார். இப்போது பெடல் ஓரிடத்தில் பிடித்தது. தளர்த்தினால் மறுபடி வெடுக்.

"ஜாஸ்தி வெச்சா பிடிக்குது, கம்மியா வெச்சா இழுக்குது. நான் என்னக்கா பண்றது?"

"நீ ஸ்பேனரக் குடுப்பா, நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றினாள். செயின் ஓரிடத்தில் விறைத்தது. அரைச் சுற்று தள்ளித் தொங்கியது. அட, பல்சக்கரமே சரியான வட்டமில்லை! ராஜேந்திரன் பெடல் நின்ற இடத்தில் வைத்தே முடுக்கியிருக்கிறார்.

விறைக்கிற இடத்தில் பெடலை நிறுத்தினாள். அங்கேயும் செயின் ஒரு விரல் தடிமனுக்கு ஆடவேண்டும் என்று பின்சக்கரத்தை இழுத்து வைத்தாள். நட்டை முடுக்கினால் சக்கரம் கோணிக்கொண்டது. தளர்த்தினாள். வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று ஏழு தடவை. பசியோடு வந்த பலராமனிடம் தலை நிமிராமலே, "சோறு சட்டில இருக்கு, போட்டுக்கங்க" என்றாள்.

போட்டியில் கடைசியாக மிஞ்சியது கஸ்தூரியும் பக்கத்துத் தெரு வள்ளியும்தான். கோட்டுக்கு இரண்டு முழம். கஸ்தூரி பெடலை லேசாக அழுத்தினாள். வண்டி இழுக்கவுமில்லை, பிடிக்கவுமில்லை. அழுத்தின அளவுக்கு நகர்ந்தது. வள்ளி கோட்டைத் தாண்டிவிட்டாள். அதன் பிறகும் கஸ்தூரி அவசரப்படவில்லை. அவள் கால் ஊனாமல் தாண்டியபோது, "எம் பொண்டாட்டிடா!" என்று கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தியவர் பலராமன்.

பள்ளி திறந்த அன்று காலை, பலராமன் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"இதையும் கொஞ்சம் பாரேன், கஸ்தூரி."

"ஸ்பேனர் ஜன்னல்ல இருக்கு. விறைக்கிற எடத்துல நிறுத்தி முடுக்குங்க. எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

சொல்லிவிட்டு மிதித்தாள் பாருங்கள் ஒரு மிதி! பலராமன் ஸ்பேனரோடு வெளியே வந்தபோது தெருவில் அவள் இல்லை.