கொழுந்தனை ஐந்து முறை எழுப்பியவள்

துணி திருத்தும் கடையில் அவளுக்கு இருபது வருட அனுபவம். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பாள், இறுகிப்போன சட்டையைப் பிரித்துத் தளர்த்துவாள். போட்டுப் பார்க்கிறவன் கண்ணாடியில் தன் அழகைத்தான் மெச்சிக்கொள்வான். தைத்தவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஆன்லைன் சண்டை விளையாட்டில், பின்னால் நின்று மற்றவர்களைத் தேற்றும் ஹீலர் வேலை வேறு யார் தலையில் விழும்?

விளையாட்டுக்கு இழுத்துவிட்டவன் கணவனின் தம்பி. மாடியில் குடியிருந்தான். பேக்கிங் கம்பெனியில் சூப்பர்வைசர். விளையாட்டில் ஐந்து பேர் கொண்ட அணிக்குத் தலைவன். கேடயம் பிடித்து முன்னால் நிற்பது அவன் வேலை. அடிபடுகிறவர்களுக்கு உயிர் ஏற்றும் ஹீலராக நிற்க யாரும் சம்மதிக்கவில்லை.

"அண்ணி, சும்மா பின்னாடி நின்னு பட்டன் அமுக்குனா போதும். யார் வேணாலும் பண்ணலாம்" என்றான்.

அந்த 'யார் வேணாலும்' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வைராக்கியமாகக் கற்றுக்கொண்டாள். சண்டையைப் பார்க்கக் கூடாது, திரையோரத்தில் இருக்கும் ஐந்து உயிர்க்கோடுகளைத்தான் பார்க்க வேண்டும். சின்னக் கீறலுக்குப் பெரிய மந்திரத்தைச் செலவழித்தால், பெரிய அடி விழும்போது கை காலியாக இருக்கும். முதலில் தன் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். ஹீலர் விழுந்தால் அணியே விழுந்த மாதிரி. ஒரு மாதத்தில், அடி விழுவதற்கு முந்தைய கணமே அவள் விரல் போய் நின்றது. சாவதே இல்லை என்பதால் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒன்பது நட்சத்திரங்கள் சேர்ந்துவிட்டன. யாரும் கவனிக்கவில்லை. ஹீலரின் நட்சத்திரத்தை யார் எண்ணுகிறார்கள்?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தன் வீராவேசமாகத் தனியே ஓடி ஒரு தூணுக்குப் பின்னால் போய்ச் செத்தான். தூணுக்கு அப்பால் மந்திரம் எட்டாது; பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டம் தோற்றது.

"அண்ணி தூங்கிட்டாங்கப்பா" என்றான் எல்லாரும் கேட்க. அவன் குரல் ஹெட்போனில் ஒரு முறை, தலைக்கு மேல் கூரை வழியாக இன்னொரு முறை கேட்டது. மற்ற மூவரும் சிரித்தார்கள். சாப்பாட்டு மேஜையிலும் அதையே சொன்னான். அவள் புருஷனும் வாயில் சோற்றோடு சிரித்தான். மறுநாள் அணியின் பட்டியலில் அவள் பெயர் 'தூங்குமூஞ்சி' என்று மாறியிருந்தது.

மன்னிக்கிற குணம் அவளிடம் மருந்துக்கும் கிடையாது. அதை மூடி மறைத்து அவளை நல்லவளாக்க எனக்கும் உத்தேசமில்லை. அந்த வாரம் முழுக்க அவள் தைத்த தையல் ஒவ்வொன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்ததுதான்.

அவனோ வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"இனிமே நான் விழுந்தா அடுத்த நொடி எழுப்பணும், அண்ணி. 'எழுந்திரிக்கிறியா'ன்னு என்கிட்ட கேக்குற கட்டத்தையும் எடுத்துட்டேன். லேட்டானா அது உங்க தப்புதான்."

"சரி தம்பி" என்றாள்.

விவரம் தெரிந்த ஹீலர் யாரும் விழுந்தவனை உடனே எழுப்ப மாட்டார்கள். கால்வாசி உயிரோடு, விழுந்த இடத்திலேயே எழுவான். எதிரிகள் நகரும்வரை பொறுக்க வேண்டும். சாகும் ஒவ்வொரு முறையும் ஒரு நட்சத்திரம் போகும். மூன்றுக்குக் கீழே போனால் தலைமை பறிபோய், அணியில் அதிக நட்சத்திரம் வைத்திருப்பவருக்குத் தானாகவே சேரும். கொழுந்தனிடம் ஏழு இருந்தன.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவன் வழக்கம்போல முன்னால் ஓடி நாலு பேர் நடுவில் விழுந்தான். அவள் எழுப்பினாள். எழுந்தான், விழுந்தான். எழுப்பினாள்.

"அண்ணி, இருங்க! இப்ப வேணாம்!"

"எழுப்பிட்டேன் தம்பி."

"ஐயோ, வேணாம்னு சொல்றேன்ல!"

"இதோ, மறுபடியும் எழுப்பிட்டேன்."

மேலே தரையில் கால் உதைக்கிற சத்தம் கேட்டது. அவனைக் கொல்வதிலேயே எதிரிகள் மும்முரமாக இருந்தார்கள். ஈ மொய்க்கிற மாதிரி அங்கேயே மொய்த்தார்கள். மற்ற மூவரின் உயிர்க்கோட்டையும் அவள் துளி குறையாமல் பார்த்துக்கொண்டாள். அவர்கள் சுற்றிப் போய் எதிரியின் கொடியைப் பறித்தார்கள். ஐந்து முறை எழுப்பிய பிறகும் கொழுந்தன் தரையோடு தரையாகத்தான் கிடந்தான். அணி ஜெயித்தது. அவளைக் குறை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

தலைமையின் கிரீடம் அவள் பெயருக்கு மேல் வந்து உட்கார்ந்தது.

படிகளில் தடதடவென்று இறங்கி வந்தான். "வேணும்னேதானே பண்ணீங்க?"

"ஆமா."

மறுப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். காது மடல் சிவந்துபோய் நின்றான்.

"அப்ப... என்னை டீம்லேருந்து தூக்கிடுவீங்களா?"

"எதுக்குத் தூக்கணும்? கேடயம் இனிமே நான் புடிக்கிறேன். ஹீலர் இடம் காலியா இருக்கு. வேணும்னா நில்லு."

அவனுக்குப் போக வேறு அணி இல்லை. ஒரே ஆட்டத்தில் ஆறு முறை செத்த கதை அதற்குள் விளையாடுகிறவர்கள் எல்லாரிடமும் பரவியிருந்தது. நின்றான்.

கேடயம் பிடிக்க அவளுக்குத் தெரியாது. முதல் ஆட்டத்திலேயே தப்பான பக்கம் திரும்பி, இரண்டாவது நிமிடத்தில் விழுந்தாள். பாவம், அவன் அவசரமாக அனுப்பிய மந்திரம் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. தப்பு முழுக்கத் தன்னுடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் மைக்கை வாய்க்கருகில் இழுத்து, மற்ற மூவரும் கேட்கும்படி, "எங்கடா பராக்குப் பாத்துட்டிருக்க?" என்று கத்தினாள். மாடியில் சத்தமே இல்லை. அந்த அமைதி அவளுக்குத் தேனாக இனித்தது. இன்னொரு தடவை கத்தினாள்.