1666ஆம் ஆண்டின் இறப்புகள்

பிள்ளைகளே, ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத் திறந்ததும் வருமே ஒரு வாடை, அது மூக்கில் ஏறினாலே எனக்குக் கோபம் வரும். ஏன் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். ஷார்ஜாவில் முவைலா பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நான் ஆறாம் வகுப்பு. வரலாற்று டீச்சர் ஆளுக்கொரு பழைய ஆண்டைக் கொடுத்து, நிகழ்ச்சிகள், பிறப்புகள், இறப்புகள் என்று "சார்ட்" எழுதிவரச் சொன்னார். எனக்கு 1666. லண்டன் எரிந்தது, சீக்கியரின் பத்தாவது குரு பிறந்தார், தாஜ்மகாலைக் கட்டிய அரசர் இறந்தார்.

அப்பா வண்டி ஓட்டிய கம்பெனியில் சாரம் கட்டியவர் முனியசாமி சித்தப்பா, எங்கள் ராமநாதபுரத்துக்காரர். வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கும் "கேம்ப்"பிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அன்று ரசச்சோற்றைப் பிசைந்தபடியே சார்ட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ராசாவே கட்டுனாராக்கும்? சாரத்துல ஏறுனது யாருடா அப்பு, அவுக மாமனாரா?"

அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

"ஏறுனவன் பேரு இல்லையாடா?"

"புஸ்தகத்துல இல்ல சித்தப்பா."

"அதான, எங்க போடுவாக!"

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து செத்தார். இடுப்பு பெல்ட் கேட்டிருக்கிறார். "பெல்ட் மாஃபி, யல்லா யல்லா", பெல்ட் இல்லை, ஏறு ஏறு என்று ஃபோர்மேன் அரபியில் விரட்டி ஏற்றிவிட்டானாம். அப்பா அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னதைக் கேட்டேன். பத்திரிகையில், ஆசியத் தொழிலாளி ஒருவர் பலி என்று இரண்டு வரி. பெயரில்லை, ஊரில்லை. ஆசியா என்ன ஒரு தெருவா?

சார்ட்டில் அரசருக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்: முனியசாமி, சாரம் கட்டியவர்.

"யாருப்பா இது, அரசரோட தம்பியா?" என்று டீச்சர் தூக்கிக் காட்டினார். வகுப்பே சிரித்தது. வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்து வரச் சொன்னார். அப்பா பள்ளிக்கு வந்து சண்டை போடுவார் என்று நம்பினேன்.

"கலாஸ், முடிஞ்சுபோச்சு, விடுடா. கம்பெனிக்குத் தெரிஞ்சா நம்ம விசா போயிரும்" என்று அவரே பசை வாங்கிவந்தார். டீச்சர் மேல் கோபம், அப்பா மேல் கோபம், அந்தக் கம்பெனி மேல் இன்றைக்கும் ஆறாத கோபம். ஆனால் ஒட்டிய கை என்னுடையது.

அந்தக் கேம்ப் இப்போது இல்லை. சித்தப்பா விழுந்த கட்டடம் கண்ணாடி மினுக்கோடு நிற்கிறது. வாசல் பளிங்கில் முதலாளியின் பெயர் இருக்கிறது.

அம்மா சுருட்டி வைத்திருந்த சார்ட்டை நேற்று நீங்கள் பள்ளிக்குப் போனபின் விரித்தேன். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி அந்த வெள்ளைத்தாளை உரித்தேன். "சாமி" அதோடு பிய்ந்து வந்துவிட்டது. உங்கள் ஸ்கெட்ச் பேனாவைத் திறந்து மீதியை எழுதினேன்.