கேட்காமல் கிடைத்த வேகம்

லவினா லிங்கராஜபுரத்தில் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரில் டிடிபி வேலை செய்துவந்தாள். கல்யாண அழைப்பிதழ், கோவில் செய்திமடல், பள்ளி ஆண்டுமலர், எது வந்தாலும் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அடித்துக் கொடுப்பாள். அதற்கு முன் பதினோரு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள். எழுத்தையும் ஆட்களையும் ஒருமுறை பார்த்து நம்பியதில்லை.

1999 ஏப்ரலில் அவளுடைய கம்ப்யூட்டர் உறைய ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும். மதியம் மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை காய்ந்ததும் பெரிய படம் ஒன்றைத் திறந்தால் போதும், அப்படியே நின்றுவிடும். ஆண்டுமலரின் நாற்பது பக்கத்தை இருமுறை இழந்தாள்.

"டொமினிக் ஏதோ பழைய சாமானைப் போட்டுட்டான்," என்று இரவுச் சாப்பாட்டில் கணவன் ஓஸ்வால்டிடம் சொன்னாள். பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவன் டொமினிக். ஆஸ்டின் டவுனில் சின்னக் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போகும் மாதா கோவிலில் பாடகர் குழுவில் பாடுவான். தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டரான ஓஸ்வால்ட் தட்டைப் பார்த்தபடியே, "வெயில் காலம்ல," என்றான்.

ஒருநாள் மூன்றாவது தடவை உறைந்ததும் அணைத்து, மறுபடி போட்டாள். வழக்கமாக அந்த நேரத்தில் டீ போடப் போய்விடுவாள். அன்று நகராமல் உட்கார்ந்து திரையையே பார்த்தாள். கறுப்புத் திரையில் புராசசர் வேகம் 450 என்று வந்தது. பில்லைத் தேடி எடுத்தாள். அதில் 300 என்று இருந்தது.

குறைவாக இருந்திருந்தால் கோபம் மட்டும் வந்திருக்கும். கூடுதலாக இருந்ததுதான் அவளை உறுத்தியது. எவன் சும்மா கூடுதலாகத் தருவான்? வேறு யாருடைய பெட்டியிலிருந்தோ கழற்றியதாக இருக்கவேண்டும்.

மறுநாள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"டொமினிக், இது யார் வீட்டுதுன்னு சொல்லிடு. நானே திருப்பிக் குடுத்துடறேன்."

டொமினிக்கின் முகம் சிறுத்துப்போனது. நின்றிருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்வல்ப இருங்கக்கா, ஒரு நிமிஷம். உங்க முன்னாடியே திறக்கறேன்."

திறந்தான். புராசசர் மேலிருந்த அலுமினியத் துண்டையும் ஃபேனையும் கழற்றி, சிப்பில் அச்சிட்டிருந்ததைக் காட்டினான். அவன் கொடுத்த அதே 300தான். ஆனால் அலுமினியத்துக்கும் சிப்புக்கும் நடுவே வெள்ளைப் பேஸ்ட் அப்பம் போலக் கிடந்தது.

"நான் மெல்லிசா தடவுவேன். கண்ணுக்கே தெரியாது. இவ்ளோ கெட்டியா இருந்தா சூடு மேல ஏறாது, சிப்லயே நிக்கும். யாரோ வேகத்தையும் ஏத்திவிட்டிருக்காங்க. ஓவர்க்ளாக்னு சொல்வாங்க. இது என் கை இல்லக்கா."

அவன் பேஸ்டைச் சுரண்டி, மெல்லிசாகத் தடவி, வேகத்தை 300க்கு இறக்கிக் கொடுத்தான். போன திங்கட்கிழமைக்கு முந்தின திங்கள் லவினா ஓஸ்வால்டின் சட்டைக் கையில் இதே வெள்ளைப் பிசுக்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தாள்.

மாலை அவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "பெட்டியத் திறந்தது நீங்களா?"

செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, "ஆமா," என்றான். "ஒரு படம் திறக்க அஞ்சு நிமிஷம் கையக் கட்டிட்டு உக்காந்திருப்பே. டூல் ரூம்ல என்கூட இருக்கற சேஷகிரி அவன் வீட்டு மிஷின்ல இப்டி வேகத்த ஏத்தினான், நல்லா ஓடுதுன்னான். பேஸ்ட் அதிகம் போட்டா நல்லா குளிரும்னு நெனச்சேன்."

"அதுக்கில்ல. ரெண்டு வாரமா டொமினிக்க நான் திட்டறேன். கேட்டுட்டே சாப்பிட்டீங்க."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டொமினிக்கைச் சந்தேகப்பட்டதைவிட, எதிரில் உட்கார்ந்திருந்தவனைச் சந்தேகப்படத் தோன்றாமல் போனதுதான் அவளுக்கு வலித்தது.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். ஓஸ்வால்ட் எல்லார் முன்னாலும் தான் செய்ததைச் சொன்னான். லவினாவும் மன்னிப்புக் கேட்டாள்.

"பரவால்லக்கா," என்றான் டொமினிக். வேகம் வேண்டுமென்றால் பெரிய அலுமினியத் துண்டு, நல்ல ஃபேன், காற்று வெளியேற பெட்டிக்குப் பின்னால் இன்னொரு ஃபேன், அரிசி மணியளவு பேஸ்ட் என்று ஓஸ்வால்டுக்குப் பொறுமையாக விளக்கினான். லவினா வேண்டாமென்றாள். ஆண்டுமலரை 300லேயே முடித்துக் கொடுத்தாள். ஒருமுறைகூட உறையவில்லை.

அதற்குப் பிறகும் அந்தப் பெட்டியைப் பழுதுபார்க்க டொமினிக்தான் வந்தான். முன்பெல்லாம் வந்ததும் டீ கேட்பான். அவள் சமையலறையில் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுவான். இப்போது அவள் பக்கத்தில் வந்து உட்காரும்வரை ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, அவள் பார்த்தாளா என்று உறுதி செய்துகொண்டு, மேஜையில் வரிசையாக வைத்தான்.

"நீ செய்ப்பா, நான் பாக்கணும்னு இல்ல," என்று அவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

"பாத்துக்கிட்டே இருங்கக்கா," என்பான் அவன், மரியாதையாக.